சுட்ட கையும் சுடுவித்த தலையும்

நாடொன்றின் சட்டங்கள் அந்நாட்டு மக்களின் அறிவினால் ஆக்கப்படல் வேண்டுமா, அன்றி அவர்தம் அச்சத்தினால் ஆக்கப்படல் வேண்டுமா என்று கேட்டால், ஏட்டளவில் எவரும் அறிவின் பக்கமே நிற்பர். ஆனால் வெடியோசை கேட்ட மறுநாட் காலையிலே இவ்விடை மறக்கப்பட்டு விடுகின்றது. குருதி உலருமுன்னரே இரு குரல்கள் எழுகின்றன. ஒன்று, “போதைப்பொருள் வியாபாரிகளைத் தூக்கிலிடுக” என்பது. மற்றையது, “எம்மைக் காத்துக்கொள்ள எமக்கும் துப்பாக்கி தருக” என்பது. முன்னதைத் தெருவிலும் தேநீர்க்கடையிலும் கேட்கின்றோம். பின்னதை வசதியும் அதிகாரமும் உடையோரிடம் கேட்கின்றோம். இவ்விரு குரல்களும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆந் திகதி இரவு, அம்பாந்தோட்டை மாவட்டத்து மித்தெனியாவிலே மோட்டார்ச் சைக்கிளிற் சென்ற தந்தை ஒருவரும் அவரோடிருந்த இரு சிறு பிள்ளைகளும் சுடப்பட்டு மாண்டனர். மறுநாட் காலை, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்திலே, சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டு நின்ற பாதாள உலகச் சந்தேகநபர் ஒருவர், நீதவான் மன்றினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் சட்டத்தரணி வேடத்தில் வந்தான். துப்பாக்கியோ, தாள்களை வெட்டிக் குடைந்த சட்ட நூலொன்றின் வயிற்றுக்குள் ஒளிந்து வந்தது. இதனினும் கூர்மையான அங்கதத்தை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்திருக்க முடியாது. சட்ட நூல் உள்ளே வெறுமையாகும்போது அவ்வெறுமையிலே துப்பாக்கி வந்து குடியேறுகின்றது. ஒரு நாட் பொழுதுக்குள் நிகழ்ந்த இவ்விரு கொடுமைகளும் நாட்டை உலுக்கியதில் வியப்பில்லை. பிள்ளைகளின் மரணத்தைக் கேட்டும் கொதியாத நெஞ்சு மனித நெஞ்சன்று. ஆயினும் கொதிப்பு வேறு, கொள்கை வேறு.

தூக்குமரத்தை வேண்டி நிற்போர் தாம் புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்தவர்போற் பேசுகின்றனர். எமது வரலாறோ அம்மருந்தைப் பலமுறை குடித்துப் பார்த்த நோயாளியின் வரலாறாகும். 1956இற் பதவிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு மரண தண்டனையை நிறுத்தி வைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. அந்நிறுத்தத்தின் விளைவை ஆராய அவுஸ்திரேலியக் குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. சான்றுகளை ஆராய்ந்த அக்குழு, தூக்குத் தண்டனையை மீளக் கொணர வேண்டியதில்லையென 1959இல் அறிக்கை தந்தது. ஆனால் அவ்வாண்டு செப்ரெம்பர் 25ஆந் திகதி பிரதமர் தம் இல்லத்திலேயே சுடப்பட்டார், மறுநாள் உயிர்நீத்தார். சுட்டவர் சீவரம் தரித்த பிக்கு. அன்று துப்பாக்கி சீவரத்தின் மறைவிலே வந்தது. 2025இல் சட்ட நூலின் மறைவிலே வந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே எமது ஆழ்ந்த கவனத்துக்குரியது. ஆணைக்குழுவின் அறிவு ஒருபுறம் ஒதுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்னரே தூக்குத் தண்டனையை மீட்கும் சட்டம் விரைந்து நிறைவேற்றப்பட்டது. நிகழ்ந்து முடிந்த கொலைக்கும் அது பொருந்துமாறு பின்னோக்கிய வலுவும் அதற்கு அளிக்கப்பட்டது. ஆனால் சினத்திலே சட்டம் வரைந்தோர் கொலைக் குற்றத்தை நினைந்தனரேயன்றிக் கொலைச் சதிக் குற்றத்தை மறந்தனர். 1962இல் மேன்முறையீட்டு மன்று அதனைச் சுட்டிக்காட்டியது. விளைவு யாது? சுட்டவர் அவ்வாண்டு ஜூலையிலே தூக்கிலேறினார். சதியின் மூலவர்களென மன்று கண்ட இருவரும் ஆயுட் சிறையோடு தப்பினர். கை தொங்கிற்று, தலை தப்பிற்று. எவரையும் தூக்கிலிடல் ஆகாதென்பதே எமது நிலைப்பாடு. ஆயினும் தூக்குமரக் கட்சியினரின் அளவுகோலைக் கொண்டு அளந்தாலும், அச்சத்திற் பிறந்த சட்டம் தன் இலக்கையே தவறவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

இதுவே போதைப்பொருட் சட்டத்தின் கதையுமாகும். 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இலே திருத்தப்பட்டது. 2 கிராம் அல்லது அதனின் மிக்க ஹெரோயினைக் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை என அது விதித்தது. 2022இலே மீண்டும் திருத்தம் வந்தது. ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளில் 5 கிராம் அகப்பட்டாலும் அதே தண்டனை என்றாயிற்று. இடையிலே, 2004 நொவெம்பரில் மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேப்பிட்டிய கொல்லப்பட்டபோது, தூக்குத் தண்டனை இனி நிறைவேற்றப்படுமென அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். 2019இல் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வரின் மரண ஆணையிற் கையொப்பமிட்டார். அலுகோசுப் பதவிக்கு விளம்பரமும் செய்யப்பட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1976இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை.

“நிறைவேற்றாமையாலேதான் குற்றம் பெருகிற்று” என்பர் எதிர்க்கட்சியார். அவர்களுக்கு எமது மறுமொழி இது: 2 கிராம் ஹெரோயினுடன் அகப்படுபவன் யார்? கப்பலை அமர்த்தியவனல்லன், வெளிநாட்டு மாளிகையிலிருந்து கைத்தொலைபேசியிற் கட்டளையிடுபவனுமல்லன். சந்தி மூலையிலே பொட்டலம் கைமாற்றி, அவ்வருவாயில் தன் சொந்தப் போதைக்கே வழிதேடும் இளைஞனே அவன். அவனைத் தூக்கிலிட்டால் அவ்விடத்துக்கு மறுநாள் இன்னொருவன் வருவான். வறுமையும் வேலையின்மையும் அத்தகைய கைகளை ஓயாது உற்பத்தி செய்கின்றன. வாங்குவோன் உள்ளவரை வணிகன் ஆளனுப்பிக் கொண்டேயிருப்பான். தண்டனையின் கொடுமையினும் அதன் தவறாமையே குற்றத்தைத் தடுக்குமென இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே எடுத்துரைத்தார். கொடுமையை எழுதுவதற்கு மையும் தாளும் போதும். தவறாமைக்கோ நேர்மையான பொலிஸ் வேண்டும், திறமான இரசாயனப் பகுப்பாய்வு வேண்டும், விரைந்து நடக்கும் வழக்கு வேண்டும். மலிவானதை எம் ஆட்சியாளர் தந்தனர், அருமையானதைத் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பாதாள உலகத் தலைவர் பலர் கடல் கடந்து வாழ்வோர். மரண தண்டனை நிறைவேற்றப்படாதென்ற உறுதிமொழியின்றி எவரையும் ஒப்படைக்க ஐரோப்பிய நாடுகள் இணங்குவதில்லை. ஆகவே எமது தூக்குமரம் உண்மையிலே அங்கு மறைந்திருப்போனுக்கு அரணாகவே அமையும். 2025 ஆகஸ்டிலே இந்தோனேசியாவில் அத்தகையோர் சிலர் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்டனர். அவர்களைப் பிடித்தது தூக்குக் கயிறன்று. இரு நாட்டுப் பொலிஸாரின் பொறுமையான துப்பறிதலே.

தமிழறிந்தார் சிலர் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். கொலைஞரை அரசன் ஒறுத்தலைப் பயிருக்குக் களை பறித்தலோடு அவர் ஒப்பிட்டது மெய்யே. ஆனால் களை பறிப்போனுக்கு இருக்கவேண்டிய முதற் தகுதி, களையையும் பயிரையும் வேறுபிரித்தறியும் கண்ணாகும். பொய்ச் சான்றும், அடித்துப் பெற்ற வாக்குமூலமும், சட்டைப்பையிற் பொலிஸாரே வைத்தெடுத்த பொட்டலமும் என்னும் குற்றச்சாட்டுகள் ஓயாது எழும் நாட்டிலே அக்கண் உண்டென எவர் உறுதி கூறுவர்? மேலும், ஓங்கும்போது கடிதாகவும் வீழும்போது மென்மையாகவும் இருக்கவேண்டுமெனத் தண்டிக்கும் கைக்கு அளவு வகுத்தவரும் அதே வள்ளுவரே. ஒரு குறளைத் தூக்கிப் பிடித்து மறு குறளை மறைப்பது வாதமாகாது.

இனி இரண்டாவது குரலுக்கு வருவோம். துப்பாக்கியைத் துப்பாக்கியாலேயே வெல்லலாம் என்பது அக்குரல். இதனை வாழ்க்கை முறையாகவே ஏற்றுக்கொண்ட நாடு அமெரிக்கா. 1791இன் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தனிமனிதரின் ஆயுத உரிமையாக 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2012 டிசெம்பரிலே சான்டி ஹூக் பாடசாலையில் 20 குழந்தைகளும் ஆசிரியர் முதலான 6 பேரும் கொல்லப்பட்டனர். அதன்பின், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய்வதை விரிவாக்கும் எளிய முன்மொழிவொன்று 2013 ஏப்ரிலிற் செனற் சபையிலே தோற்றது. 2022இல் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் மாண்டனர். அன்று அப்பாடசாலைக்கு ஆயுதந் தாங்கிய பொலிஸார் நூற்றுக்கணக்கில் வந்திருந்தும், கொலைஞனை எதிர்கொள்ள ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. “நல்லவன் கையிலும் துப்பாக்கி இருந்தால்” என்ற வாதத்துக்கு இதனினும் கசப்பான மறுப்பு வேறில்லை. புதுக்கடையிலும் அப்படியே, காவலர் சூழ்ந்த மன்றினுள்ளே நின்றவரைக் காவலரின் ஆயுதம் காக்கவில்லை.

மாறாக, 1996 ஏப்ரிலிலே தாஸ்மேனியாவின் போர்ட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்டபோது, அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட், தம் கட்சியின் ஆதரவாளர் பலரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, இரு கிழமைக்குள் மாநிலங்களனைத்தையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொணர்ந்தார். ஏறத்தாழ 650,000 துப்பாக்கிகள் பணங்கொடுத்து மீளப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அவ்வாண்டு மார்ச்சிலே டன்பிளேன் பாடசாலையில் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் இழந்த பிரித்தானியா, மறு ஆண்டே தனியார் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. 2019 மார்ச்சிலே கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபின், நியூசிலாந்து ஒரு மாதத்துக்குள்ளேயே பாதித் தானியங்கித் துப்பாக்கிகளிற் பெரும்பாலானவற்றை விலக்கியது. “இவையும் அவசரச் சட்டங்கள்தாமே” என எம்மை மடக்க முயல்வோர் இருக்கலாம். விரைவை யாம் குறைகூறவில்லை; விரைவு எத்திசை நோக்கியது என்பதையே கேட்கின்றோம். அந்நாடுகள் விரைந்து கருவியைப் பறித்தன. யாமோ விரைந்து கயிற்றைத் தேடுகின்றோம். பறித்த கருவியைப் பிழையெனக் கண்டால் மீளக் கொடுக்கலாம். பறித்த உயிரைக் கொடுக்கலாகாது.

எமது நாட்டிலே கருவி எங்கிருந்து வருகின்றது? 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றி எவரும் துவக்கு வைத்திருத்தல் குற்றம். யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பயிரைக் காக்கும் விவசாயி, ஒற்றைத் துவக்குக்காக ஆண்டுதோறும் கச்சேரிப் படியேறுகின்றான். ஆனால் பாதாள உலகத்தின் கையிலே தவழ்வது விவசாயியின் துவக்கன்று, ரீ-56. அது வயலில் விளைவதன்று, குடிசையிற் காய்ச்சுவதுமன்று. தொழிற்சாலையிற் பிறந்து, இலக்கம் பொறிக்கப்பட்டு, எவரோ கையொப்பமிட்டுப் பொறுப்பேற்ற பொருள் அது. இராணுவத்துக்குரிய 73 ரீ-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்தின் கைக்குச் சென்றமை 2025 பெப்ரவரியிலே பாராளுமன்றத்திலேயே வெளிப்படுத்தப்பட்டது. படையை விட்டோடியோரைக் கைதுசெய்யும் கட்டளையும் அக்காலத்திலேயே பிறந்தது. ஆயுதமும் அரசினது, அதனை ஏந்தப் பயின்ற கையும் அரசு பயிற்றிய கை. மூன்று தசாப்தப் போர் 2009இல் முடிந்தபோது துப்பாக்கிகளின் கணக்கு முடிக்கப்படவில்லை. இந்நிலையில் மேலும் துப்பாக்கிகளைத் தனியாருக்கு வழங்குதல், கசியும் குடத்தை நிரப்பக் கிணற்றை ஆழமாக்குவது போன்றதாகும்.

மூன்றாவது வழியொன்றும் உண்டெனச் சிலர் கருதுவர். அது சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பொலிஸாரைக் கட்டவிழ்த்து விடுவதாகும். பிலிப்பைன்ஸிலே டுட்டேர்ட்டே அதனைச் செய்தார். பொலிஸாரின் சொந்தக் கணக்கிலேயே 6,000 பேருக்கு மேல் மாண்டனர், போதைப்பொருள் ஒழியவில்லை, 2025 மார்ச்சிலே அவர் கைதாகிச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். எமது நாட்டிலே 2023 டிசெம்பரில் ‘யுக்திய’, அதாவது நீதி, என்ற பெயரில் நடவடிக்கை தொடங்கிற்று. சில கிழமைகளுக்குள் 29,000 பேருக்கு மேல் கைதாயினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை நிறுத்துமாறு 2024 ஜனவரியிற் கோரினர். அதனை முன்னின்று நடத்திய பொலிஸ் உயரதிகாரியைப் பாராளுமன்றமே 2025 ஆகஸ்டிற் பதவி நீக்கியது.

இவ்விடத்திலே தமிழ் மாணவராகிய யாம் வாளாவிருத்தல் தகாது. வாள்வெட்டும் ‘ஐஸ்’ போதையும் எம் ஊர்களை வருத்துவது கண்டு, “கடுமையான கை வேண்டும்” என எம்மவரே கூறத் தொடங்கியுள்ளனர். அக்கடுமையான கையை அறியாதவரா எம்மவர்? 1979இலே தற்காலிக ஏற்பாடெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இலே நிரந்தரமாயிற்று. பொலிஸாரிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்று எத்தனை இளைஞரின் ஆயுளை அது விழுங்கிற்று! 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். விபத்தென முதலிற் கூறப்பட்டது. பொலிஸாரின் துப்பாக்கிச் சூடே என்பது பின்னர் வெளிப்பட்டது. வீதியிற் செல்லும் எவனையும் ஐயுற்றுச் சுடும் உரிமையை யாம் ஒருவர்க்கு வழங்கினால், அவர் ஐயுறும் முதல் முகம் யாருடையதாயிருக்கும்? வறியவனுடையது, சிறுபான்மையோனுடையது, இரவிலே வீடு திரும்பும் இளைஞனுடையது.

ஆயின் செய்யத்தக்கது யாது? மறுத்துரைத்தலோடு அமைதல் ஆராய்ச்சியாகாது. முதலாவதாக, முப்படையினதும் பொலிஸாரினதும் களஞ்சியங்களிலுள்ள ஒவ்வொரு சுடுகலனும் ஆண்டுதோறும் எண்ணப்பட்டு, குறைவு உண்டாயின் அது பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படல் வேண்டும். குற்றத்திற் கைப்பற்றப்படும் ஒவ்வொரு துப்பாக்கியின் இலக்கமும் அதனை இறுதியாகப் பொறுப்பேற்றவர் வரை பின்தொடரப்படல் வேண்டும். தற்காப்புக்கெனப் பிரமுகர்களுக்கு வழங்கியவற்றை மீளாய்வுக்கு ஒப்படைக்குமாறு 2024 இறுதியிற் பாதுகாப்பு அமைச்சு பணித்தது சரியான திசையில் ஓரடியாகும். அது ஒருமுறைச் செயலாக நின்றுவிடலாகாது.

இரண்டாவதாக, பாவிப்போனையும் விற்போனையும் சட்டம் வேறுபிரித்தல் வேண்டும். எமது சிறைகள் தம் கொள்ளளவின் இருமடங்குக்கு மேற்பட்டோரைச் சுமக்கின்றன. தண்டனை பெற்று உட்செல்வோரிற் பெரும்பகுதியினர் போதைப்பொருட் குற்றங்களுக்காகவே செல்கின்றனர். நோயாளியாகச் செல்பவன் அங்கே குற்றத்தொழிலின் மாணவனாகின்றான். புனர்வாழ்வென்ற பெயரிற் படையினரிடம் ஒப்படைத்தலும் விடையன்று. 2022 ஜூனிலே கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும், அவ்விறப்புத் தொடர்பிற் படையினர் சிலர் கைதானதும் நாடறிந்தவை. போர்த்துக்கல் 2001 தொடக்கம் சொந்தப் பாவனைக்குரிய சிறிதளவை வைத்திருப்போனைக் குற்றவியல் மன்றுக்கு அனுப்பாது, மருத்துவமும் சமூகப்பணியும் அறிந்தோர் இருக்கும் குழுவிடம் அனுப்புகின்றது. இதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 2020இலே இத்தகைய வழியை வாக்கெடுப்பினால் ஏற்றது. ஆனால் சிகிச்சை வசதிகள் உரிய காலத்திற் பெருகாமையால் மக்கள் பொறுமையிழக்க, 2024இலே அதனைக் கைவிட்டது. ஆகவே சிறைக்கதவைத் திறக்குமுன் மருத்துவமனைக் கதவைத் திறத்தல் வேண்டும். மாவட்டந்தோறும் சுகாதார அமைச்சின் கீழ், தமிழிலும் சிங்களத்திலும் பேசும் மருத்துவரைக் கொண்ட சிகிச்சைப் பிரிவுகள் அமைதல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, 1984இன் திருத்தத்திலும் 2022இன் திருத்தத்திலும் உள்ள மரண தண்டனை நீக்கப்பட்டு, பெருவணிகனின் சொத்தையும் வங்கிக் கணக்கையும் பறிமுதல் செய்யும் அதிகாரம் முழுவீச்சிற் செயற்படுத்தப்படல் வேண்டும். ஆசையினால் இயங்கும் தொழிலை ஆசையின் வேரிலேயே அறுத்தல் வேண்டும். எவனொருவன் பணத்துக்காகப் பிறர் உயிரை மதியாதிருக்கின்றானோ, அவனுக்கு நோகும் இடம் பணமே.

இவை மெல்லிய வழிகள் என எள்ளுவோர் இருப்பர். உண்மையில் இவையே கடினமான வழிகள். இராணுவக் களஞ்சியத்தின் பூட்டைத் திறந்து கணக்குக் கேட்பதற்கும், பணமுதலையின் பின்னே நிற்கும் அரசியல்வாதியின் பெயரை உரத்துச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். தெரு மூலையில் நிற்கும் வறியவனைத் தூக்கிலிட வேண்டுமெனக் கூச்சலிடுவதற்கு எத்துணிவும் வேண்டியதில்லை.

மித்தெனியாவில் மடிந்த அவ்விரு குழந்தைகளுக்கும் இந்நாடு கடன்பட்டிருக்கின்றது. அக்கடனைக் கயிற்றினால் தீர்க்க முடியாது. அவர்களைக் கொன்ற துப்பாக்கி எக்களஞ்சியத்திலிருந்து, யாருடைய கையொப்பத்தோடு, எவர் கண்மூடியிருக்கப் புறப்பட்டது என்ற வினாவை விடைகிடைக்கும்வரை கேட்டுக்கொண்டேயிருத்தலே அக்கடனைத் தீர்க்கும் முதற் தவணையாகும். கற்றவர் என்ற பெயரைச் சுமக்கும் மாணவ உலகம் அவ்வினாவைத் தன் வினாவாகக் கொள்ளட்டும். 1962இற் கை தொங்கத் தலை தப்பிற்று. அவ்வரலாறு மீண்டும் எழுதப்படுவதற்கு எமது மௌனம் மையாகாதிருக்கட்டும்.